ஒரு வார லீவும் ஒரு பருத்திக்காடும்: கேள்வி பதில்

எனக்கு ஊர் கோவில்பட்டி. டெக்சஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை கம்ப்யூட்டர் மூன்றாம் வருஷம் படிக்கிறேன், நடுவே ஓர் அரசியல் பாடமும் எடுத்தேன். ஸ்ப்ரிங் பிரேக் முடிந்து நேற்று ராத்திரிதான் அறைக்குத் திரும்பினேன், துணி இன்னும் பையிலேயே கிடக்கிறது. லீவு, படிப்பு, சிநேகிதம், அங்கே அரசியல் பேசலாமா கூடாதா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். விசா விஷயத்தில் மட்டும் உங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒருதடவை கேட்டுக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை.

கோவை, பிளஸ் டூ மாணவர்: அக்கா, ஸ்ப்ரிங் பிரேக்னா நம்ம செமஸ்டர் லீவு மாதிரியா?

இல்லை தம்பி. செமஸ்டர் லீவு என்றால் பரீட்சையைத் தலைமுழுகிவிட்டு ஊருக்குப் போவோம். இது ஜனவரியில் தொடங்கி மே மாதம் முடிகிற செமஸ்டரின் நடுவே, மார்ச்சில் வருகிற ஒரே ஒரு வாரம். முந்தின வாரம் மிட்டெர்ம் பரீட்சை இருக்கும், திரும்பி வந்ததும் ஏதாவது ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். 'நன்றாக ஓய்வெடுங்கள்' என்று சிரித்துக்கொண்டே 60 பக்கம் படிக்கச் சொல்லி அனுப்புகிற பேராசிரியர்கள் உண்டு.

ஸ்ப்ரிங் பிரேக் என்றால் கடற்கரையில் கூத்தடிப்பது என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், நீச்சலிலிருந்து. 1930களில் நியூயார்க் மாநிலத்துக் கோல்கேட் பல்கலைக்கழக நீச்சல் அணி குளிருக்குத் தப்பி ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலுக்குப் பயிற்சிக்குப் போனது. பார்த்தவர்களும் கேள்விப்பட்டவர்களும் பின்னாலேயே போனார்கள். 1985இல் மூன்றரை லட்சம் மாணவர்கள் வந்து இறங்கியதும் ஊர்க்காரர்கள் 'போதும் சாமி' என்று சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். கூட்டம் அதே ஃபுளோரிடாவில் டேடோனா, பனாமா சிட்டி என்று இடம் மாறியது. டெக்சஸ் பிள்ளைகளுக்கு மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சவுத் பாட்ரே தீவு.

மதுரை, ஓர் அம்மா: பாப்பா, எம் பொண்ணு ஆகஸ்டுல அங்க வர்றா. லீவுல ஹாஸ்டல்ல தனியா இருக்கணுமா? சினிமால காட்டுறதப் பாத்தா பயமா இருக்கு.

அம்மா, அந்தக் கடற்கரைக்குப் போவதற்கே நிறையக் காசு வேண்டும். எங்கள் மாடியில் இருபது பேரில் நாலு பேர் போயிருப்பார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள், இல்லையென்றால் வேலைக்குப் போனார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பிரேக்கில் முழுநேரமும் செய்யலாம்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. சில ஹாஸ்டல்களை அந்த வாரம் பூட்டிவிடுவார்கள். பூட்டாவிட்டாலும் மெஸ் இருக்காது. விடுதி ஒப்பந்தத்தில் இது எழுதியிருக்கும், முதல் வருஷம் நான் படிக்கவில்லை. மெஸ் கதவில் 'அடுத்த ஞாயிறு திறக்கப்படும்' என்று தாள் ஒட்டியிருந்தது. நான் தட்டோடு நின்றேன். அந்த ஒரு வாரம் ரொட்டிக்கு இட்லிப்பொடி தொட்டுத் தின்றேன். பொண்ணுக்குப் பொடி கொஞ்சம் கூடவே கட்டிக் கொடுங்கள்.

டாலஸ், எம்.எஸ். மாணவர்: சிஸ்டர், அடுத்த வாரம் நாலு பேர் கார் எடுத்து சவுத் பாட்ரே போறோம். எதாவது கவனிக்கணுமா?

பாஸ்போர்ட், ஐ-20 (கல்லூரி கொடுத்த மாணவர் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) அச்சுப்பிரதி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். 'மெக்சிகோவுக்கா போறோம், எதுக்கு?' என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். போகும்போது ஒரு தொந்தரவும் இருக்காது. திரும்பி வடக்கே வரும்போது 77ஆம் நெடுஞ்சாலையில் சரீட்டா என்ற இடத்தில் எல்லைக் காவல்படையின் சாவடி இருக்கிறது. அங்கே குடியுரிமை கேட்பார்கள். போனில் இருக்கும் போட்டோவைக் காட்டிச் சமாளிக்கிற இடம் இல்லை அது.

இன்னொன்று, 25 வயதுக்குக் கீழே என்றால் வாடகைக் காருக்குத் தினமும் கூடுதல் கட்டணம் போடுவார்கள். ஓட்டப் போகிறவர்கள் அத்தனை பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அயோவா, முதல் வருஷ மாணவர்: ஆறு மாசம் ஆச்சுக்கா. கூட உக்காந்து சாப்பிட ஒரு ஆள் இல்ல. நான் பழகுறதுலதான் தப்பா?

தப்பு உன்னிடம் இல்லை தம்பி. நம் ஊர்க் கல்லூரியில் 'ஏ செக்ஷன்' என்று அறுபது பேரை ஒரே அறையில் நாலு வருஷம் அடைத்துவைப்பார்கள். ரோல் நம்பர் பக்கத்தில் இருப்பவன்தான் லேப் பார்ட்னர், அவனே பிறகு கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், சிநேகிதம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே செக்ஷனே கிடையாது. கணக்கு வகுப்பில் ஒரு கூட்டம், வேதியியலில் வேறொரு கூட்டம். ஐம்பது நிமிஷம் முடிந்தால் சந்தை கலைந்தமாதிரி ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

அதனால் இங்கே சிநேகிதத்துக்கும் நேரம் குறிக்கிறார்கள். 'வியாழக்கிழமை ஆறரைக்குச் சாப்பிடலாமா' என்று ஒருத்தி போனில் காலண்டரைத் திறந்து கேட்டபோது பல் டாக்டரிடம் டோக்கன் வாங்குகிறமாதிரி இருந்தது எனக்கு. 'ஒருநாள் மீட் பண்ணலாம்' என்பதை அழைப்பு என்று நம்பி வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். அது வெறும் வணக்கம்தான். நாளும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. அந்த நாளையும் நேரத்தையும் நீயே சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எனக்கு இது புரிய ஒரு வருஷம் ஆனது.

தமிழ்ப் பிள்ளைகளோடு இரு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹூஸ்டன் பக்கத்துப் பியர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கு ஒரே காரில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு போன நாட்கள் எனக்கும் உண்டு. ஆனால் அதோடு நின்றுவிடாதே. பிரேக் வருவதற்கு முன்னால் நாலைந்து பேரிடம் 'எங்கே போறே' என்று கேட்டுப் பார். யாராவது ஒருத்தர் 'நீயும் வர்றியா' என்பார். என் அறைத்தோழி அப்படிக் கூப்பிட்டுத்தான் இந்த வருஷம் லபக் போனேன்.

விருதுநகரிலிருந்து ஓர் அண்ணன்: லபக்கா? ஊர் பேரே அப்படியா? அங்க என்னம்மா இருக்கு?

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவளும் சிரித்தாள். 'லபக்குனு முழுங்கிறப் போகுது, பாத்துப் போ' என்றாள்.

அங்கே பருத்தி இருக்கிறது அண்ணா. மேற்கு டெக்சஸின் அந்தச் சமவெளி அமெரிக்காவிலேயே பெரிய பருத்திப் பரப்புகளில் ஒன்று. ஆனால் விதைப்பு மே மாதம்தான். மார்ச்சில் காடு வெறுமையாகக் கிடக்கிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் செம்புழுதி, மதியத்துக்கு மேல் காற்று கிளம்பினால் எதிர்வீடு தெரியாது. நம் கரிசல்காட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசினமாதிரி இருந்தது.

அறைத்தோழியின் அப்பா பருத்தி விவசாயி. என் அப்பாவுக்குக் கோவில்பட்டியில் பருத்தி கமிஷன் மண்டி. இதைச் சொன்னதும் அவர் விடவில்லை. அங்கே ராத்திரி எட்டு, ஊரில் காலை ஆறரை. அப்பா துண்டோடு வீடியோவில் வந்து உட்கார்ந்தார். இவர் பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்கிறார், அப்பா கண்டிக்கு இத்தனை ஆயிரம் என்கிறார். இவர் பேல் (பருத்திப் பொதி) 480 பவுண்டு, நம் பேல் 170 கிலோ, கண்டி 356 கிலோ. நடுவில் நான் போனில் பெருக்கிக்கொண்டே இருந்தேன். மழை, மில்காரன், அரசாங்கம் மூன்றையும் திட்டுவதில் இரண்டு பேரும் ஒரே கட்சி. ஓகலாலா என்ற நிலத்தடி நீர்ப்படுகை இறங்கிக்கொண்டே போவதால் சில காடுகளை மழையை நம்பியே விட்டுவிட்டதாக அவர் சொன்னார். 'மானாவாரி' என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன், அப்பா 'அடப்பாவமே' என்றார்.

பிறகு வரி வந்தது. வெளிநாட்டுப் பருத்திக்கு இந்தியா 2021இல் 11 சதவீத இறக்குமதி வரி போட்டது, 2025 ஆகஸ்டில் அதைச் சில மாதங்களுக்கு நீக்கியது. நீக்கியது நல்ல காரியம் என்றார் இவர். 'எங்க வயித்துல அடிச்சானுகன்னு சொல்லு' என்றார் அப்பா. 'அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்' என்று மொழிபெயர்த்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது டிவி ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்கள் பற்றிச் செய்தி. தோழியின் அப்பா கொஞ்சம் காரமாகவே பேசினார். பேசிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்து நிறுத்தி, 'உன்னைச் சொல்லலம்மா, நீ வேற' என்றார். அன்பாகத்தான் சொன்னார். தோழி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

இந்த வாக்கியம் எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில், என்னோடு பத்தாம் வகுப்பு படித்த ஒருத்தியிடம், அவள் தெருக்காரர்களைப் பற்றி என்னென்னவோ பேசிவிட்டு, 'ஒன்னயச் சொல்லல தாயி, நீ வேற' என்று என் பாட்டி சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். பாட்டி அவளைப் பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

திருச்சி, பி.ஏ. அரசியல் அறிவியல் மாணவி: நீங்க படிக்கிறது கம்ப்யூட்டர்னு சொன்னீங்க. அரசியல் பாடம் எப்படி வந்துச்சு?

டெக்சஸ் சட்டப்படி, அரசுக் கல்லூரியில் எந்தப் பட்டம் வாங்கினாலும் ஆட்சியியலில் 6 கிரெடிட், அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் எடுக்க வேண்டும். அதில் டெக்சஸின் சொந்த அரசியலமைப்பும் வரும். 1876இல் ஏற்றுக்கொண்டது, 500க்கும் மேற்பட்ட திருத்தங்களோடு வெளக்கமாற்றுக் கட்டையில் துணி சுற்றினமாதிரி பருத்திருக்கிறது. சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒருதடவை 140 நாள்தான் வழக்கமாகக் கூடும். நீதிபதிகள்கூடக் கட்சிச் சீட்டில் நின்று ஜெயிக்கிறார்கள். முதலில் நம்பவில்லை, புத்தகத்தை இரண்டுதடவை புரட்டினேன்.

அந்த வகுப்பில் பேசுவதற்கே 10 சதவீத மார்க். ஐந்து வாரம் வாயே திறக்கவில்லை. ஆளுநர் பற்றிப் பாடம் வந்த அன்று, 'எங்கள் ஊரில் ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, டெல்லியிலிருந்து வருவார்' என்றேன். 'வந்து என்ன செய்வார்?' என்று ஒருவன் கேட்டான். மீதி வகுப்பு முழுக்க நான்தான் பேசினேன். ஓட்டு இல்லாத எனக்கு அந்தப் பாடத்தில் ஏ கிரேடு.

சென்னை, ஒரு தகப்பனார்: போராட்டம், ஊர்வலம், பேஸ்புக்ல எழுதுறது, இதெல்லாம் பிள்ளைகள் செய்யலாமா?

சார், முதலில் செய்யவே கூடாததைச் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் பதிவு. ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்தில் 'வாக்காளராகப் பதிய வேண்டுமா' என்று கேட்பார்கள். அவசரத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டால், குடிமகன் என்று பொய் சொன்னதாக ஆகி நாடுகடத்தும் அளவுக்குப் போகலாம். பச்சை அட்டை (கிரீன் கார்டு) இல்லாதவர்கள் வேட்பாளருக்கு ஒரு டாலர் நன்கொடைகூடக் கொடுக்கக் கூடாது.

பேச்சுரிமை அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் இருக்கிறது, அரசுப் பல்கலைக்கழகங்களையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் 2025 மார்ச்சில் மாசசூசெட்சில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கிய ஆய்வு மாணவி ஒருவரைத் தெருவிலேயே பிடித்து லூசியானாவில் அடைத்தார்கள். மாணவர் பத்திரிகையில் காஸா பற்றிய கட்டுரையைச் சேர்ந்து எழுதியவர் அவர். நீதிபதி உத்தரவிட்டு வெளியே வர மே மாதம் ஆனது. அதே வருஷம் ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்க வேண்டும் என்றாகிவிட்டது. இதற்கு மேல் உங்கள் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல. நான் கூட்டங்களைத் தூரத்தில் நின்று கேட்கிறேன். அது வெட்கமாகவும் இருக்கிறது.

தோழி மார்ச் முதல் வாரம் கட்சி வேட்பாளர் தேர்வுக்கு ஓட்டுப் போடப் போனபோது கூடப் போய் வெளியே நின்றேன். டெக்சஸ் வாக்குச்சாவடியில் கல்லூரி அடையாள அட்டை செல்லாது, கைத்துப்பாக்கி உரிமம் செல்லும். அவள் அப்பா ஓட்டுப் போடாத கட்சிக்குத்தான் அவள் போட்டாள். வீட்டில் சொல்லவில்லை.

சேலம்: பீஃப் சாப்பிட்டீங்களா?

சாப்பிட்டேன். அம்மா இதைப் படிக்க மாட்டாள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: அந்த அப்பாகிட்ட அப்புறம் ஏதாவது சொன்னீங்களா? அந்தத் திண்ணைத் தோழி இப்ப எங்க இருக்காங்க?

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்புகிற காலையில், போன வருஷப் பருத்திக் காய் நாலைந்தைச் செய்தித்தாளில் பொதிந்து 'இழை நீளத்தை உன் அப்பாவைப் பார்க்கச் சொல்' என்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது தோழி மன்னிப்புக் கேட்டாள். நான் பாட்டி கதையைச் சொன்னேன். அவள் நீங்கள் கேட்டதையேதான் கேட்டாள், அந்தத் திண்ணைத் தோழி இப்போது எங்கே என்று. பத்தாம் வகுப்பு லீவுக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. பள்ளிக்கூட வாட்ஸ்ஆப் குழுவில் அவள் இல்லை என்பதையே அந்தப் பெட்ரோல் பங்கில் நின்றுதான் கவனித்தேன்.

அம்மாவிடம் அவள் நம்பரைக் கேட்டேன். 'இப்ப எதுக்குடி அது?' என்றாள். நாளைக்குத் திரும்பவும் கேட்க வேண்டும்.