ஊழியரையே உறைய வைத்த கம்பெனி: 'பெட்டர் ஆஃப் டெட்' கேள்வி பதில்

பழைய அமெரிக்க சிட்காம்களைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாகப் பத்து வருடம் ஓடிய தொடர்களைப் பற்றித்தான் கேட்பார்கள். இந்த முறை, வந்த சுவடே தெரியாமல் போன ஒரு தொடரைப் பற்றி இத்தனை கேள்விகள் வந்ததில் எனக்கு ஏக குஷி. ஒரே மாதிரியான கேள்விகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ரொம்ப வருடம் முன்னால் ஒரு ஆங்கிலத் தொடரில் பாதியிலிருந்து ஒரு எபிசோட் பார்த்தேன். ஒரு கம்பெனி தன் சொந்த விஞ்ஞானியையே உறைய வைத்துவிடும். வெளியே வந்த பிறகு அவர் திடீர் திடீரென்று அலறுவார். பெயர் தெரியாமல் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

பதில்: அலறல் என்றதுமே பிடிபட்டுவிட்டது. 'பெட்டர் ஆஃப் டெட்'. ஏபிசி சேனலில் 2009 மார்ச் 18 அன்று தொடங்கியது. நீங்கள் பார்த்தது முதல் எபிசோட். வெரிடியன் டைனமிக்ஸ் என்று ஒரு ராட்சத கம்பெனி. அதன் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் டெட் கிரிஸ்ப் (ஜே ஹாரிங்டன்). மனிதரை உறைய வைத்துப் பார்க்க வேண்டும் என்று மேலிடம் முடிவெடுக்கிறது; ஆள் வெளியே தேடுவானேன், நம் ஃபில் இருக்கிறாரே என்கிறது. அதை ஃபில்லிடம் போய்ச் சொல்கிற பொறுப்பு டெட் தலையில் விழுகிறது. நினைத்ததற்கு முன்பே ஃபில் உருகி வெளியே வந்துவிடுகிறார், அலறல் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. ஃபில்லாக நடித்தவர் ஜொனாதன் ஸ்லாவின். அந்த அலறலைச் சாதாரணப் பேச்சுக்கு நடுவில் அவர் எடுத்துவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி பேச்சைத் தொடர்வார். அங்கேதான் சிரிப்பு வரும்.

கேள்வி: இது 'தி ஆபீஸ்' தொடரைப் பார்த்து எடுத்ததா சார்? அதுவும் அலுவலகம், இதுவும் அலுவலகம்.

பதில்: இடம் ஒன்று, அவ்வளவுதான். 'தி ஆபீஸ்'ஸில் கம்பெனி சாதாரணமானது, மேனேஜர்தான் கோமாளி. இங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஓரளவு கெட்டிக்காரர்கள், நல்லவர்களும்கூட. கம்பெனிதான் பைத்தியம். ஆனால் அந்தப் பைத்தியம் எப்போதும் ஒழுங்கான சுற்றறிக்கை வடிவத்தில், சட்டப் பிரிவின் ஒப்புதலோடு வரும். டெட் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுவார். ஆனால் ஆவணப்பட பாணி கிடையாது. நம்மைப் பக்கத்து சீட்டு ஆளாக நினைத்து விளக்கம் சொல்வார்.

கேள்வி: வெரோனிகா என்ற மேலதிகாரி அப்படியே எங்கள் பிராஜெக்ட் மேனேஜர். எங்கள் ஆபீஸில் யாராவது கதை சொல்லிக் கொடுத்தார்களா?

பதில்: எல்லா ஆபீஸிலும் இதையே சொல்கிறார்கள்! போர்ஷியா டி ரோஸி நடித்த பாத்திரம். இறுக்கிச் சீவிய தலை, ஒரு சுருக்கம் விழாத உடை, எதையும் வானிலை அறிக்கை மாதிரி வாசிக்கும் குரல். இந்தத் தொடரின் ஆகச் சிறந்த நடிப்பு அவருடையதுதான் என்பேன். அவர் கொடுமைக்காரி அல்ல. கம்பெனி என்ன நினைக்கிறதோ அதை ஒளிவுமறைவில்லாமல் வெளியே சொல்கிறவர். மற்ற மேலதிகாரிகள் பூசி மெழுகுவதை இவர் அப்படியே போட்டு உடைப்பார். வேலை நேரம் போக அவர் ஒரு மேஜிக் நிபுணருக்கு உதவியாளராக மேடையேறுவார் என்று ஒரு எபிசோடில் தெரியவரும். தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று.

கேள்வி: சென்சார் எபிசோட், சென்சார் எபிசோட் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன? கதை தெரிந்துவிடும் என்ற கவலை எனக்கில்லை, முழுதாகச் சொல்லுங்கள்.

பதில்: சொல்கிறேன். கதை தெரிந்தாலும் கெடாத எபிசோட் அது.

முதல் சீசனின் நான்காவது எபிசோட். மின்சாரத்தை மிச்சப்படுத்த கட்டடம் முழுக்க புதிய சென்சார்களைப் பொருத்துகிறார்கள். விளக்கு, கதவு, லிஃப்ட், தண்ணீர்க் குழாய் எல்லாம் ஆள் வந்தால் இயங்கும். லேபில் ஃபில்லும் அவருடைய கூட்டாளி லெம்மும் (மால்கம் பேரட்) இருக்கிறார்கள். ஃபில் வெளியே போகிறார். விளக்கு அணைந்துவிடுகிறது. லெம் உள்ளேதான் நிற்கிறார், ஆனால் கறுப்பினத்தவர். தோலில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத்தான் சென்சார் ஆளைக் கண்டுபிடிக்கிறது, கறுப்புத் தோல் அதன் கண்ணில் படவில்லை.

டெட் போய் வெரோனிகாவிடம் முறையிடுகிறார். கம்பெனியின் நிலைப்பாட்டை அவர் எடுத்துச் சொல்கிறார்: இது இனவெறி ஆகாது, சொல்லப்போனால் அதற்கு நேர் எதிர், கறுப்பினத்தவரை யாரும் குறிவைக்கவில்லை, கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதானே! அடுத்து ஒரு 'தீர்வு': கையால் திறக்கும் தனித் தண்ணீர்க் குழாய் ஒன்று, மேலே அது யாருக்கு என்று ஒரு பலகை. 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வரும்வரை அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு குழாய், கறுப்பினத்தவருக்கு ஒரு குழாய் என்று பலகை மாட்டி வைத்திருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்திருந்தால் இந்த இடத்தில் சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

அதுவும் சரிப்படவில்லை. ஒவ்வொரு கறுப்பின ஊழியர் பின்னாலும் நடப்பதற்கென்றே குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு வெள்ளைக்காரரை வேலைக்கு எடுக்கிறார்கள். அவரைப் பார்த்துக் கதவு திறக்கும், இவர் கூடவே நுழைந்துகொள்ளலாம். வெள்ளையரை மட்டும் வேலைக்கு எடுத்தால் பாகுபாடு ஆகிவிடும் என்கிறது சட்டப் பிரிவு. சரி, கறுப்பினத்தவரையும் அதே அளவில் எடுப்போம். அவர்கள் பின்னால் நடக்க யார்? இன்னும் வெள்ளையர். அப்புறம் அதற்கு ஈடாக... லெம்மும் ஃபில்லும் கணக்குப் போட்டு மேலிடத்திடம் காட்டுகிறார்கள்: இப்படியே போனால் சில வருடத்தில் பூமியில் உள்ள எல்லாரும் நம் கம்பெனி ஊழியர்கள்தான், அத்தனை பேருக்கு வண்டி நிறுத்த இடம் கிடையாது. உடனே பழைய சென்சார் திரும்பி வருகிறது. நியாயம் எடுபடாத இடத்தில் பார்க்கிங் எடுபட்டது.

எபிசோட் வந்தது 2009 ஏப்ரலில். அதே வருடம் டிசம்பரில், ஒரு பெரிய கணினி நிறுவனத்தின் வெப்கேமரா வெள்ளைக்காரப் பெண் முகத்தைத் தொடர்ந்து நகர்வதையும், கறுப்பினத்தவர் முகத்துக்கு அசையாமல் நிற்பதையும் காட்டிய வீடியோ இணையத்தில் பரவியது. 2018-இல் ஜாய் புவொலம்வினி, டிம்னிட் கெப்ரூ என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் துல்லியமானது: முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்கள் விஷயத்தில் அதிகபட்சம் 0.8 சதவீதம் தவறின, கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை. கருநிற முகங்கள் போதுமான அளவில் இல்லாத படத் தொகுப்புகளை வைத்து இந்த மாதிரி மென்பொருளைப் பழக்கியதும் சோதித்ததும் பெரிய காரணம். யாரும் குறிவைக்கவில்லைதான். வெரோனிகா வாதம் நினைவுக்கு வருகிறதா?

கேள்வி: மாடே இல்லாமல் மாட்டிறைச்சி தயாரிப்பதும் இந்தத் தொடரில்தானே?

பதில்: ஆமாம், இரண்டாவது எபிசோட். ஃபில்லும் லெம்மும் லேபில் வளர்க்கும் சதைத் துண்டு. சுவைத்துப் பார்ப்பவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், விரக்தி மாதிரி இருக்கிறது என்பார். 2013 ஆகஸ்டில் லண்டனில் நிஜமாகவே செல்களிலிருந்து வளர்த்த பர்கரைச் சமைத்துச் சாப்பிட்டுக் காட்டினார்கள். அந்த ஒன்றை உருவாக்க ஆன செலவு சுமார் இரண்டரை லட்சம் யூரோ. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் இந்த வகைக் கோழி இறைச்சியை விற்க அனுமதித்தது.

கேள்வி: இவ்வளவு நல்ல தொடர் என்றால் ஏன் நின்றது? யாரைக் குற்றம் சொல்வது?

பதில்: பார்க்க ஆள் இல்லை, அதுதான் முதல் காரணம். ஏன் இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2009 மார்ச்சில் புதன்கிழமை இரவு 'ஸ்கரப்ஸ்' தொடருக்கு அடுத்து வந்தது. முதல் சீசன் 13 எபிசோட், ஒரே மூச்சில்கூட ஒளிபரப்பவில்லை. மீதியைக் கோடைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இரண்டாவது சீசன் கிடைத்ததே ஆச்சரியம். ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் ஏபிசி புதன்கிழமையை முழு நகைச்சுவை இரவாக மாற்றியபோது, 'மாடர்ன் ஃபேமிலி' உள்ளே, 'பெட்டர் ஆஃப் டெட்' வெளியே. டிசம்பர் வரை காக்க வைத்து, செவ்வாய்க்கிழமையில் போட்டு, ஜனவரி கடைசியோடு முடித்துவிட்டார்கள்.

தொடரைத் தயாரித்தது ஃபாக்ஸ் ஸ்டுடியோ, ஒளிபரப்பியது டிஸ்னியின் ஏபிசி. பிறர் சொத்தை வளர்க்க ஏபிசிக்கு என்ன அவசியம் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 'மாடர்ன் ஃபேமிலி'யும் அதே ஸ்டுடியோவின் தயாரிப்புதான், அதை 11 சீசன் ஓட்டினார்களே! குடும்பத் தொடரை ஒரு வரியில் விளம்பரப்படுத்தலாம். இதை எப்படி விளம்பரப்படுத்துவது? விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகளைக் கிண்டல் செய்யும் தொடர் இது.

இன்னொன்று, அதே 2009 ஏப்ரலில் போட்டிச் சேனலான என்பிசியில் தொடங்கிய 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்'. அதன் முதல் ஆறு எபிசோடும் 'பெட்டர் ஆஃப் டெட்'டின் முதல் ஆறுக்குப் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அதற்கு நேரம் கிடைத்தது, 2015 வரை நின்றது.

கேள்வி: கடைசி இரண்டு எபிசோட் அமெரிக்காவில் வரவே இல்லை, காரணம் கூடைப்பந்து என்கிறார்கள். கட்டுக்கதையா?

பதில்: கட்டுக்கதை இல்லை. 2010 ஜூன் 17 இரவு மிச்சமிருந்த இரண்டையும் போடுவதாகத் திட்டம். ஒரே நிபந்தனை, ஏபிசி ஒளிபரப்பிய என்பிஏ கூடைப்பந்து இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம்வரை போகக் கூடாது. லேக்கர்ஸ், செல்டிக்ஸ் இரண்டு அணிகளும் மூன்றுக்கு மூன்று என்று வந்து நின்றன. அந்த இரவில் ஏழாவது ஆட்டம்தான் ஓடியது, லேக்கர்ஸ் 83-79 என்று ஜெயித்தது. மொத்தம் எடுத்த 26-இல் ஏபிசி காட்டியது 24.

கேள்வி: நடுவில் வரும் விளம்பரங்கள் நிஜமா பொய்யா என்றே குழம்பிவிட்டேன்.

பதில்: குழம்பத்தான் வேண்டும், அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். வெரிடியன் டைனமிக்ஸின் 'பெருமை விளம்பரங்கள்' அவை. கனிவான பெண் குரல், சிரிக்கும் குழந்தைகள், பச்சை வயல். எந்தப் பொருளையும் விற்காமல் 'நாங்கள் நல்லவர்கள்' என்று மட்டும் சொல்லும் விளம்பரங்கள் உண்டல்லவா, அந்த ரகம். நாலாவது வாக்கியத்தில்தான் நஞ்சு இருக்கும். அந்தந்த எபிசோடின் விஷயத்தை ஒட்டியே விளம்பரமும் மாறும் என்பதால் ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள்.

கேள்வி: மூன்று எபிசோட் பார்த்தேன். எல்லாரும் பொம்மை மாதிரி பேசுகிறார்கள், மனசில் ஒட்டவில்லை. நீங்கள் கொஞ்சம் அதிகமாகப் புகழ்கிறீர்களோ?

பதில்: குறை நியாயமானதுதான். எல்லாருக்கும் ஒரே வேகம், ஒரே சாதுர்யம். டெட்டுக்கும் அதே கம்பெனியில் வேலை பார்க்கும் லிண்டாவுக்கும் இடையிலான காதல் பகுதி எனக்கும் சலிப்புத்தான். ஆபீஸில் ஒரே ஒரு காதலுக்குத்தான் அனுமதி, அதை வெரோனிகாவோடு ஏற்கெனவே செலவழித்துவிட்டேன் என்று டெட் சொல்லும் காரணம் வேடிக்கை, ஆனால் அதை வைத்து இரண்டு சீசன் இழுக்க முடியாது. ஃபில், லெம் ஜோடிக்காக இன்னும் இரண்டு பாருங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எழுதியவர் யார்? வேறு என்ன செய்திருக்கிறார்?

பதில்: உருவாக்கியவர் விக்டர் ஃப்ரெஸ்கோ. இதற்கு முன் ஃபாக்ஸ் சேனலுக்கு 'ஆண்டி ரிக்டர் கன்ட்ரோல்ஸ் தி யூனிவர்ஸ்' செய்தார், 2002-இலிருந்து 2003 வரை. அதுவும் அலுவலகம், அதுவும் அற்பாயுசு: எடுத்தது 19, அப்போது காட்டியது 14. அதிலும் ஜொனாதன் ஸ்லாவின் உண்டு. 'பெட்டர் ஆஃப் டெட்' பிடித்தவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது இதுதான். பிறகு நெட்ஃபிளிக்ஸுக்கு 'சான்டா கிளாரிட்டா டயட்' (2017-2019). அதற்கு மூன்று சீசன் கிடைத்தது, அதையும் கதை முடியாமல் நிறுத்தினார்கள். மனிதருக்கு ராசி அப்படி.

கேள்வி: பின்னணிச் சிரிப்பொலி இருக்கிறதா? இருந்தால் நான் பார்க்க மாட்டேன்.

பதில்: இல்லை, தைரியமாகப் பாருங்கள். இதே ஏபிசி, 1998-இல் எழுத்தாளர் ஆரன் சார்க்கினின் 'ஸ்போர்ட்ஸ் நைட்' தொடரில் அவர் வேண்டாம் என்றும் சிரிப்பொலியைச் சேர்த்தது. விளையாட்டுச் செய்தி அலுவலகத்தில் நடக்கும் கதை. சோகக் காட்சி முடிந்த கையோடு யாரோ சிரிப்பார்கள். போகப் போக ஒலியைக் குறைத்து எடுத்தார்கள். அதுவும் இரண்டே சீசன்தான்.

கேள்வி: இன்னொன்றும் கண்டுபிடித்துக் கொடுங்கள் சார். இளஞ்சிவப்பு போ டை கட்டிய ஆட்கள், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு விருந்தில் பரிமாறுவார்கள்.

பதில்: 'பார்ட்டி டவுன்'. ஸ்டார்ஸ் சேனல், 2009-2010, 20 எபிசோட். சினிமா வாய்ப்புக்காக லாஸ் ஏஞ்சலஸில் காத்திருப்பவர்கள் அதுவரை கேட்டரிங் வேலை பார்க்கிறார்கள். முதல் சீசன் முடிவதற்குள் அதில் நடித்த ஜேன் லின்ச் 'க்ளீ' தொடருக்குப் போய்விட்டார், அடுத்து ஆடம் ஸ்காட் 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' பக்கம். ஆனால் இதற்கு மறுபிறவி வாய்த்தது: 2023-இல் இன்னும் ஆறு எபிசோட் எடுத்தார்கள்.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்? வரிசையாகப் பார்க்க வேண்டுமா?

பதில்: முதல் இரண்டை வரிசையாக, பிறகு நேராகச் சென்சார். அது பிடித்தால் இரண்டாவது சீசனில் சுற்றறிக்கை எபிசோட்: ஊழியர்கள் ஒருவரையொருவர் திட்டக் கூடாது என்று வர வேண்டிய அறிவிப்பு, ஒரே ஒரு எழுத்துப் பிழையால் இனிமேல் கட்டாயம் திட்ட வேண்டும் என்று வந்துவிடும். கம்பெனி ஆணையாயிற்றே, எல்லாரும் கர்ம சிரத்தையாகக் கடைப்பிடிப்பார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு அதைப் போட வேண்டாம்.