பெட்டி இங்கே, எண் எங்கே? முதல் ஜியோகேஷ் வைப்பவர்களின் கேள்விகள்

ஜியோகேஷ் என்பது ஓரிடத்தில் ஒளித்து வைக்கும் டப்பா, அதன் இட எண்ணை (கோஆர்டினேட்) ஜியோகேஷிங் தளத்தில் கொடுத்தால் மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடி வருவார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். டப்பா வாங்கியாச்சு, உள்ளே வைக்க, கண்டுபிடிப்பவர்கள் பெயர் எழுதும் லாக் நோட்டும் பென்சிலும் ரெடி, இடமும் பார்த்தாச்சு, ஆனால் அங்கே போய்ப் போனை எடுத்தால் எண் நிற்காமல் ஓடுகிறது. எதை எழுதிக் கொடுப்பது? என் முதல் பெட்டிக்கு நான் கொடுத்த எண் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கார் நிறுத்துமிடத்தைக் காட்டியது, அதனால் உங்கள் யாரையும் கிண்டல் செய்யும் தகுதி எனக்கு இல்லை. அந்தக் கதை கீழே வரும்.

போன் போதுமா அக்கா, இல்லை கார்மின் மாதிரி தனி ஜிபிஎஸ் கருவி வாங்கணுமா? (சென்னை)

போதும். வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் ஸ்மார்ட்போன் பொதுவாக 4.9 மீட்டருக்குள் காட்டும் என்று ஜிபிஎஸ்ஸை நடத்தும் அமெரிக்க அரசின் தளமே சொல்கிறது. எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் பிடிக்கிற போன்கள் 2018-இலிருந்து கடையில் கிடைக்கின்றன, கட்டடங்கள் நடுவே அவை இன்னும் கொஞ்சம் தேவலை. கைக்கருவியில் பேட்டரி நிற்கும், மழையில் நனைந்தால் பயமில்லை, சராசரி எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கும். ஒரு பெட்டிக்காக அதை வாங்காதீர்கள், பத்துப் பெட்டி வைத்த பிறகு யோசிக்கலாம்.

போனிலேயே எடுப்பதென்றால், மேப்பில் தெரியும் நீலப் புள்ளியைப் பார்த்து எழுத வேண்டாம். அது செயற்கைக்கோளோடு வைஃபை, செல்போன் கோபுரம் எல்லாவற்றையும் கலந்து போன் போடுகிற ஒரு கணக்கு. ‘ஜிபிஎஸ் டெஸ்ட்’ மாதிரி எத்தனை செயற்கைக்கோள் பிடிபட்டிருக்கிறது என்று காட்டும் ஒரு ஆப் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி சேமிப்பை அணைத்துவிடுங்கள். பையிலிருந்து எடுத்தவுடன் வரும் எண்ணை எழுதாமல், திறந்தவெளியில் சில நிமிடம் விட்டு, அது நிதானத்துக்கு வந்த பிறகு பெட்டி இருக்கும் இடத்துக்குப் போங்கள். போனை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்காதீர்கள், உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைக்கும். முடிந்தால் பெட்டி மேலேயே வைத்துவிட்டு ஓரமாக நில்லுங்கள்.

இன்னொன்று, ‘துல்லியம் 3 மீட்டர்’ என்று திரையில் வருகிறதே, அது உத்தரவாதம் இல்லை. ஆண்ட்ராய்டில் அந்த எண்ணுக்கு அர்த்தமே, உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பதுதான். மூன்று தடவை பார்த்தால் ஒரு தடவை வட்டத்துக்கு வெளியேதான் இருப்பீர்கள்.

இரண்டு வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்குகளுக்கு நடுவில் உள்ள சின்னப் பூங்காவில் வைக்கப் போகிறேன். காலையில் எடுத்த எண்ணுக்கும் மாலையில் எடுத்த எண்ணுக்கும் 18 மீட்டர் வித்தியாசம். எது சரி? (சிங்கப்பூர்)

இரண்டும் தப்பாக இருக்கலாம். நானும் இந்த ஊர்தான், புளோக் நடுவே எண் எப்படித் துள்ளும் என்று தெரியும். செயற்கைக்கோள் இருப்பது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அதன் சிக்னல் உங்கள் போனுக்கு நேராக வராமல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால், சுற்றி வந்த தூரத்தையும் போன் உண்மையான தூரம் என்று நம்பிக் கணக்குப் போட்டுவிடும். மழை பெய்து நனைந்த மரத்தடியிலும் எண் ஆடும், அங்கே இலைகளும் சிக்னலைக் குடித்துவிடும்.

இதற்குச் சராசரிதான் வழி. ஆனால் பலர் அதைத் தப்பாகச் செய்கிறார்கள். ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்று நாற்பது தடவை குறித்துச் சராசரி போட்டால் நாற்பது தடவையும் ஒரே தப்பைத்தான் குறிப்பீர்கள், ஏனென்றால் அந்தப் பத்து நிமிடத்தில் செயற்கைக்கோள்கள் பெரிதாக இடம் மாறியிருக்காது, அதே சுவர், அதே எதிரொலி. கார்மின் கையேடே ஒரு இடத்துக்கு நான்கிலிருந்து எட்டுத் தடவை அளக்கச் சொல்கிறது, ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது 90 நிமிட இடைவெளி விட்டு. ஒரு வேடிக்கை என்னவென்றால், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் வரிசை ஏறக்குறைய 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு தடவை அப்படியே திரும்பி வரும், அதனால் நாளைக்கும் அதே நேரத்தில் போனால் கிட்டத்தட்ட அதே வானம்தான் கிடைக்கும். இன்று காலை என்றால் நாளை மத்தியானம், அடுத்து ஒரு சாயங்காலம் என்று மாற்றிப் போங்கள். ஒவ்வொரு தடவையும் முப்பது நாற்பது அடி விலகிப் போய்விட்டு, வேறு வேறு திசையிலிருந்து நடந்து வாருங்கள். அசையாமல் நின்றால் சில கருவிகள் எண்ணை அப்படியே உறைய வைத்துவிடும், நிலையாக இருக்கிறதே என்று பார்த்து ஏமாந்துவிடுவோம்.

சராசரி போட கால்குலேட்டர்கூட வேண்டாம், கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தால் போதும். வடக்கு 1° 20.741 (1 டிகிரி, 20.741 நிமிடம்), 20.743, 20.739, 20.742, 20.752 என்று ஐந்து வந்திருக்கிறது என்று வையுங்கள். 752 மட்டும் மற்றவற்றிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறது, அதைத் தூக்கிவிட்டு மீதி நான்கின் சராசரியைப் போட்டால் 20.741. கிழக்குக்கும் இதே மாதிரி. ஒன்று வடக்கில் ஒதுங்கினால் அதன் கிழக்கு எண்ணையும் சேர்த்தே தள்ள வேண்டும், பாதியை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தும் ஐந்து பக்கம் போனால் எதையும் தூக்காதீர்கள், இன்னும் இரண்டு தடவை போய் வாருங்கள்.

இவ்வளவு செய்தும் அடங்கவில்லையா, நல்ல ஹின்ட் எழுதுங்கள். ‘மூன்றாவது பெஞ்சுக்குப் பின்னால், முழங்கால் உயரம்’ என்பது சில இடத்தில் எந்தச் செயற்கைக்கோளையும்விட நம்பகமானது. அப்புறம், வீட்டுப் புளோக் பக்கம் என்பதால் சொல்கிறேன், இடத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டு, டப்பா மேல் ‘இது ஜியோகேஷ்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். யாரோ விட்டுப்போன மர்மப் பொட்டலம் என்று போலீஸுக்கு போன் போனால் கோஆர்டினேட் சரியாக இருந்து என்ன பயன்.

ஐபோன் காம்பஸில் பார்த்து 43° 46' 48" என்று எழுதிக்கொண்டேன். தளத்தில் 43° 46.480 என்று கொடுத்தேன். ரிவியூவர் (வெளியிடும் முன் தளத்துக்காகச் சரிபார்ப்பவர்), இடம் தப்பாக இருக்கிறதே என்று கேட்கிறார். (டொரன்டோ)

வாருங்கள், நம்ம ஜாதி! என் கார் நிறுத்துமிடக் கதை இதேதான். நீங்கள் எழுதியது டிகிரி, நிமிடம், விநாடி. ஜியோகேஷிங் தளம் கேட்பது டிகிரி, அப்புறம் தசம நிமிடம். விநாடியை 60-ஆல் வகுக்க வேண்டும்: 48 வகுத்தல் 60 என்றால் 0.8. ஆக 43° 46.800. நீங்கள் கொடுத்த எண் ஏறக்குறைய 590 மீட்டர் தெற்கே போய்விட்டது.

இதைவிடப் பெரிய அடி வேறு ஒன்று இருக்கிறது. கூகுள் மேப்பில் விரலை அழுத்தி எடுத்தால் 13.0512 என்று முழுக்கத் தசமமாக வரும், அதை 13° 05.120 என்று நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 3.8 கிலோமீட்டர் காலி. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்க வேண்டும்: 0.0512 பெருக்கல் 60, அதாவது 3.072. சரியான எண் 13° 03.072.

உங்கள் விஷயத்தில் மாற்றி எழுதினால் மட்டும் போதாது. ஐபோன் காம்பஸ் முழு விநாடியாகத்தான் காட்டும், பின்னத்தைக் காட்டாது. ஒரு விநாடி என்பது தரையில் 31 மீட்டர். எவ்வளவு நல்ல போனாக இருந்தாலும் அந்த எண் 15 மீட்டர் வரை இப்படியோ அப்படியோ தள்ளி இருக்கலாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தசம நிமிடம் காட்டும் ஆப் ஒன்றில் முதலிலிருந்து அளந்துவிடுங்கள்.

புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம் வேண்டும்? நான்கு போட்டால் இன்னும் துல்லியமா?

மூன்று. நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வடக்கு தெற்காக 1.85 மீட்டர். கிழக்கு மேற்காக சிங்கப்பூரில் அதே அளவு, சென்னையில் 1.8, டொரன்டோவில் 1.34. உங்கள் கருவியே ஐந்து மீட்டர் ஆடும்போது நான்காவது இலக்கம் வெறும் அலங்காரம்.

கூகுள் சாட்டிலைட் படத்தில் அந்த மரமே தெரிகிறது. அங்கேயே குத்தி எண்ணை எடுத்தால் என்ன?

விதிமுறையே ஜிபிஎஸ் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. படமும் எப்போதும் தரையோடு சரியாகப் பொருந்தி இருக்காது, சில ஊர்களில் சில மீட்டர் நகர்ந்திருக்கும், உயரமான கட்டடமும் மரமும் ஒரு பக்கம் சாய்ந்து தெரியும். நீங்கள் குத்துவது மரத்தின் உச்சியை, பெட்டி இருப்பது அடியில். ஆனால் அளந்து முடித்த பிறகு படத்தில் போட்டுச் சரிபார்ப்பது மிக நல்ல பழக்கம், பெட்டி குளத்துக்கு நடுவில் விழுகிறதா என்று அனுப்புவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

தாத்தா வைத்திருந்த பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் மலைக்கோவில் இடத்தைப் பார்த்து எண் எடுத்தேன். ஜிபிஎஸ்ஸோடு ஒத்துவரவில்லையே? (வேலூர்)

ஒத்துவராது, வரைபடத்தில் தப்பும் இல்லை. அந்தப் பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற பூமி வடிவக் கணக்கில் போட்டவை, ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணக்கில் ஓடுகிறது. பூமியின் வடிவத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் அதே பாறைக்கு வேறு எண்தான் வரும். அந்தப் பழைய கணக்கின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது, 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் சங்கிலி பிடித்து நில அளவைக்கான அடிக்கோட்டை அளந்தது சென்னைப் பரங்கிமலைப் பக்கம்தான். தாத்தாவின் வரைபடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எண்ணை மட்டும் மலைக்கு ஏறிப் போய் எடுங்கள். கருவியின் செட்டிங்கில் டபிள்யூஜிஎஸ் 84 இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

அடர்ந்த காட்டுப் பள்ளத்துக்குள் வைத்திருக்கிறேன், அங்கே சிக்னலே நிற்கவில்லை. (டொரன்டோ, இன்னொருவர்)

பக்கத்தில் வானம் தெரியும் இடத்துக்கு வந்து அந்த இடத்தை நன்றாக அளந்துகொள்ளுங்கள். அங்கிருந்து பெட்டிக்கு எந்தத் திசை என்று காம்பஸில் பார்த்து, தூரத்தை டேப்பால் அளந்து, ஆப்பில் புள்ளி நகர்த்தும் வசதியில் இரண்டையும் கொடுத்தால் பெட்டியின் எண் வரும். உங்கள் ஊரில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து சுமார் 10 டிகிரி மேற்கே காட்டும், அதைக் கழிக்க மறந்தால் 30 மீட்டர் தூரத்துக்கே 5 மீட்டர் பிசகும். சிங்கப்பூரில் இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை.

அமெரிக்க இராணுவம் ஜிபிஎஸ்ஸை வேண்டுமென்றே குழப்பித்தான் நமக்குக் கொடுக்கிறது, எவ்வளவு அளந்தாலும் வீண் என்கிறார் என் மாமா.

மாமா 26 வருஷம் பின்னால் இருக்கிறார். 2000 மே 2 வரை அது உண்மை, நூறு மீட்டர் வரை பிழை வரும். அன்று அதை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3, டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் பக்கம் ஒரு வாளியை ஒளித்து வைத்து எண்ணை வெளியிட்டார், இந்த விளையாட்டு பிறந்ததே அப்படித்தான். மாமாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பெட்டி தேடப் போங்கள்.

பெட்டி வெளியாகிவிட்டது. முதலில் கண்டுபிடித்தவர் ‘12 மீட்டர் தள்ளி இருந்தது’ என்று லாக் போட்டிருக்கிறார். உடனே மாற்றிவிடவா?

ஒருவர் சொன்னதற்காக மாற்றாதீர்கள். உங்கள் பிழை 5 மீட்டர், தேடுபவர் போனின் பிழை 5 மீட்டர், இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் 10 மீட்டர் ஆகிவிடும், அதில் யார் மேலும் குற்றமில்லை. ஆனால் அடுத்து வரும் இரண்டு மூன்று பேரும் அதே பக்கம் அதே அளவு என்று சொன்னால் அது உங்கள் பிழைதான். அப்போது போய் மறுபடி அளந்து மாற்றுங்கள், 161 மீட்டர் வரையிலான நகர்வை நீங்களே தளத்தில் செய்துகொள்ளலாம், அதற்கு மேல் போனால் ரிவியூவரிடம் கேட்க வேண்டும். பக்கத்துப் பெட்டியிலிருந்து விதிப்படி வேண்டிய 161 மீட்டர் இடைவெளி இன்னும் இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

அடுத்த பெட்டிக்கு ஒன்று செய்யுங்கள். அனுப்புவதற்கு முன் அந்த எண்ணை மட்டும் ஒரு நண்பர் கையில் கொடுத்து, இருநூறு அடி தள்ளி இறக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பின்னால் நடந்து போங்கள். அவர் எங்கே நின்று குனிந்து தேட ஆரம்பிக்கிறார் என்று பார்த்தால் போதும். என் தம்பியை வைத்து நான் அப்படிச் செய்தபோது அவன் பெட்டிக்கு ஒன்பது மீட்டர் தள்ளி ஒரு எறும்புப் புற்றில் கை வைத்தான். எண்ணைத் திருத்தினேன், அவன் இன்னும் என்னோடு வர மறுக்கிறான்.