போல்டு ஏன் நிற்கவில்லை? – கணினிக் கேள்வி பதில்

(டேக் என்பது பக்கத்தை எப்படிக் காட்டவேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் குறி. டேக் பெயர்களை உச்சரிப்பில் தருகிறோம். பக்கத்தில் எழுதும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், கோணக்குறிகளுக்குள் எழுதுங்கள். மூடும் டேக்கில் முதல் கோணக்குறியை ஒட்டி ஒரு சாய்கோடு வரும். ‘பாரா டேக்’ என்பது பேராகிராஃபின் முதல் எழுத்து, ‘போல்டு டேக்’ என்பது போல்டின் முதல் எழுத்து.)

கேள்வி: எங்கள் தங்கும் விடுதிக்கு நோட்பேடிலேயே ஒரு வலைப்பக்கம் எழுதினேன். முகவரியை நாலு வரியாக அடித்தேன். பிரவுசரில் எல்லாம் ஒரே வரியாக ஓடுகிறது. – வாசகி, ஏற்காடு

பதில்: பத்து முறை என்டர் தட்டினாலும் பிரவுசருக்கு அது ஒரே ஓர் இடைவெளிதான். பத்திகளை ஒவ்வொன்றாக பாரா டேக்கில் திறந்து மூடுங்கள். முகவரி, பாட்டு வரி போல ஒரே பத்திக்குள் வரி உடையவேண்டிய இடத்தில் மட்டும் பிஆர் டேக் போடுங்கள். அதற்கு மூடும் டேக் கிடையாது. பத்திகளுக்கு நடுவே இடம் விட மூன்று நான்கு பிஆர் அடுக்குகிறார்கள் பலர், வேண்டாம். சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் விதிகள்) பாராவுக்கு மார்ஜின் (சுற்றிலும் விடும் இடம்) கொடுத்தால் ஒரே வரியில் பக்கம் முழுக்க இடைவெளி மாறும்.

சேலத்திலிருந்து மேலே வரும் வழியையும் போடுவீர்கள் என்றால், 1, 2 என்று கையால் எண் அடிக்காதீர்கள். ஓஎல் டேக்குக்குள் ஒவ்வொரு படியையும் எல்ஐ டேக்கில் வையுங்கள். நடுவில் ஒன்றைச் செருகினாலும் எண்கள் தாமாகவே நகர்ந்துகொள்ளும். (20 கொண்டை ஊசி வளைவுக்கும் தனித்தனியாக எல்ஐ போடவேண்டாம்!)

கேள்வி: ஒரே ஒரு சொல்லைத்தான் போல்டு ஆக்கினேன். அதற்குக் கீழே பக்கம் முழுவதும் தடித்துவிட்டது. – வாசகர், ஆத்தூர்

பதில்: மூடும் டேக்கில் சாய்கோடு விட்டுப்போயிருக்கும். அப்போது அது மூடவில்லை. இன்னொரு போல்டைத் திறக்கிறது. பத்தி முடிந்தால் தானாக நின்றுவிடும் என்றும் நம்பவேண்டாம். போல்டு, ஸ்ட்ராங் போன்ற டேக்குகள் மூடப்படாமல் கிடந்தால், பிரவுசர் அடுத்த பத்திக்குள்ளும் அவற்றைத் திறந்தே வைக்கும். தடிப்பு தொடங்குகிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள், கோளாறு அங்கேதான் இருக்கும். எழுத்தைப் பெரிதாக்க ஹெச்1, ஹெச்2 டேக்குகளைப் பயன்படுத்துவதும் தவறு. அவை தலைப்புக்கு உரியவை. ஹெச்5, ஹெச்6 சாதாரண எழுத்தைவிடவே சிறியவை.

கேள்வி: கைத்தறி பற்றிய பழைய அறிவிப்புகளைப் பக்கத்தில் ஏற்றினேன். சிலது கேள்விக்குறியாக, சிலது கட்டங்களாக, சிலது கிறுக்கலாக வருகிறது. – வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: மூன்றும் ஒரே நோய் அல்ல. எது தெரிகிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் என்றால், கோப்பைச் சேமித்தபோதே தமிழ் போய்விட்டது. பழைய நோட்பேடில் ‘ஆன்சி’ என்ற குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) சேமித்திருப்பீர்கள். அதில் தமிழுக்கு இடமில்லை. மூலத்திலிருந்து மறுபடி ஒட்டி, ‘சேவ் ஆஸ்’ பெட்டியின் அடியில், தமிழுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேடே அதைத்தான் எடுத்துக்கொள்கிறது.

கிறுக்கலில் தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வந்தால் கவலையே இல்லை. கோப்பு நன்றாக இருக்கிறது, பிரவுசர்தான் தப்பாகப் படிக்கிறது. யுடிஎஃப்-8இல் ‘க’வுக்கு 3 பைட் (கணினியின் சேமிப்பு அலகு), அந்த மூன்றையும் அது மூன்று தனி எழுத்தாகக் காட்டுகிறது. பக்கத்தின் தொடக்கத்தில் வரும் ஹெட் டேக் திறந்ததும் முதல் வேலையாக, சார்செட் (குறியாக்கம்) யுடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா டேக்கைப் போடுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது முழுவதும் வந்துவிடவேண்டும்.

‘தமிழ்’ என்ற இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி வந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. எந்த டேக்காலும் சரியாகாது. எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு ஆக்கியே தீரவேண்டும். மாற்றியபின் ஆங்கிலச் சொற்களையும் எண்களையும் ஒருமுறை சரிபாருங்கள். பாமினி எழுத்து என்று நினைத்து அவற்றையும் தமிழாக்கியிருக்கும்.

கட்டங்கள் மட்டும் தெரிந்தால், பார்க்கிற கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: கொலுசு எடை, கூலிப் பட்டியலை ஸ்பேஸ்பார் தட்டி நேராக்கினேன். எல்லாம் ஒட்டிக்கொண்டது. – வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: முதல் பதிலில் சொன்ன அதே கதைதான், எத்தனை ஸ்பேஸ் தட்டினாலும் பிரவுசருக்கு ஒன்றுதான். டேபிள் டேக்குக்குள் ஒவ்வொரு வரிசைக்கும் டிஆர், தலைப்புக் கட்டத்துக்கு டிஹெச், மற்றவற்றுக்கு டிடி. கிராமும் ரூபாயும் வருகிற கட்டங்களை வலப்பக்கம் ஒதுக்குங்கள். இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும்.

கேள்வி: தமிழில் சாய்வெழுத்து ஏன் அசிங்கமாக இருக்கிறது? – வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் வரையப்படவே இல்லை. பிரவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது. அழுத்தம் காட்டும் இஎம் டேக்கை வைத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்எஸ்ஸில் அதன் சாய்வை நீக்கி, நிறமோ தடிப்போ கொடுங்கள். கூடவே லைன்-ஹைட்டை (வரி உயரம்) 1.6 அல்லது 1.7 ஆக்குங்கள். மேல்வரி ‘கூ’வின் வாலும் கீழ்வரி ‘கி’யின் மேல்வளைவும் அப்போதுதான் இடிக்காது. அடிக்கோட்டை லிங்குக்கு மட்டும் விட்டுவிடுங்கள். வேறு சொல்லுக்குப் போட்டால் வாசகர் அதைத் தட்டிப் பார்ப்பார்.