15 கையெழுத்து, 5 மாணவர்: மலேசியப் பள்ளிகள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அரசே மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என்று மூன்று வகை வைத்திருக்கிறது. இது பல இனங்களுக்குத் தரும் மரியாதையா, பிள்ளைகளைச் சிறுவயதிலேயே பிரித்துவைக்கும் ஏற்பாடா?
வாசகர், மதுரை

பதில்: யாரும் உட்கார்ந்து யோசித்து வகுத்த ஏற்பாடல்ல இது, பேரம் பேசி முடித்த ஏற்பாடு. 1951-இல் இரண்டு அறிக்கைகள் வந்தன. தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் பொதுப்பள்ளி வேண்டும் என்றது பார்ன்ஸ் அறிக்கை. சீனப்பள்ளி இருக்கட்டும், அது நாட்டுக்கு எதிரானதல்ல என்றது பென்-வூ அறிக்கை. 1956-இன் ரசாக் அறிக்கை நடுவழி கண்டது: பாடத்திட்டம் எல்லாருக்கும் ஒன்று, தொடக்கப்பள்ளியில் பயிற்றுமொழி மட்டும் வேறு வேறு. இன்றைக்கும் அடித்தளம் அதுதான். ஆண்டு 1 முதல் 6 வரை தமிழிலோ சீனத்திலோ படிக்கலாம். அதன் பிறகு, இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1 முதல், அரசு இடைநிலைப்பள்ளி எல்லாவற்றிலும் மலாய்தான் பயிற்றுமொழி.

ஆனால் பேரத்தில் ஒரு கத்தி தொங்கிக்கொண்டே இருந்தது. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு, ‘தேசிய வகைப் பள்ளி’ எனப்படும் சீன, தமிழ்ப்பள்ளி எதையும் மலாய்வழித் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தந்திருந்தது. 1996 சட்டத்தில்தான் அது நீங்கியது. சீனச் சமூகமும் தமிழ்ச் சமூகமும் சின்ன மாற்றத்துக்கும் ஏன் பதறுகிறார்கள் என்று கேட்பவர்கள் அந்த 35 ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பிறகு இந்தப் பள்ளிகளே அரசமைப்புக்கு முரண் என்று வழக்குப் போட்டார்கள். முரணில்லை என்று 2021-இல் உயர் நீதிமன்றமும் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டன. அரசமைப்பின் 152-ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழி என்கிறது. அதே மூச்சில், பிற மொழியைக் கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

ஒரு நாடு எதை மதிக்கிறது என்பதைப் பாடநூல் முன்னுரையில் தேடாதீர்கள். சட்டத்தில் எது கேட்காமலே கிடைக்கிறது, எதைக் கேட்டுப் பெற வேண்டும், எதற்குத் தன் கைக்காசு போட வேண்டும் என்று பாருங்கள். உதாரணமாக, தேசியப் பள்ளியில் தமிழோ சீனமோ வேண்டுமென்றால் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் போதும். இபான், கடசான் போன்ற பூர்வகுடி மொழிகளுக்கோ அதே 15 பேரோடு, ‘நியாயமும் நடைமுறைச் சாத்தியமும் இருந்தால்’ என்று ஒரு நிபந்தனையும் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடல் கடந்து வந்த மொழிக்கு இல்லாத நிபந்தனை, அந்த மண்ணின் மொழிக்கு! இதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை.

கேள்வி: மகன் தேசியப் பள்ளியில் ஆண்டு 2 படிக்கிறான். தமிழ் வகுப்பு கேட்டால் ‘ஆசிரியர் இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகி, ஜொகூர்

பதில்: வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். எழுத்தில் கேளுங்கள்.

முதலில் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். சட்டம் சொல்லும் 15, பள்ளி முழுவதற்குமான எண். ஒரே வகுப்பில் 15 பேர் தேவையில்லை. அது பிள்ளைக் கணக்கு, குடும்பக் கணக்கல்ல. ஒரு வீட்டிலிருந்து அண்ணனும் தங்கையும் படித்தால் இரண்டு. ‘இந்திய மாணவர்’ என்றும் சட்டத்தில் இல்லை. பிள்ளைக்குத் தமிழ் வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் எந்த இனமானாலும் சேரும்.

ஒரே தாளில் பட்டியல் போடுங்கள்: மாணவர் பெயர், ஆண்டு, வகுப்பு, பெற்றோர் பெயர், கையெழுத்து. சரியாக 15-இல் நிறுத்தாமல் 20 வரை சேருங்கள். இரண்டு பேர் பள்ளி மாறினாலே எண் இறங்கிவிடும். ஆண்டு 6 பிள்ளைகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வகுப்பு தொடங்குவதற்குள் அவர்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போயிருப்பார்கள். கடிதத்தை மலாயில் எழுதி, கல்விச் சட்டம் 1996-ஐக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். உங்கள் பிரதியில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். இன்னொரு பிரதி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகட்டும், ஏனென்றால் ஆசிரியர் பிரச்சினையைத் தலைமையாசிரியர் தனியாகத் தீர்க்க முடியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பிலும் கோரிக்கை ஏற வேண்டும். அடுத்த ஆண்டுக் கால அட்டவணை போட்டு முடித்த பிறகு கேட்டால் ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்பார்கள். சில மாதம் முன்பே கொடுங்கள்.

வகுப்பு தொடங்கிய பிறகுதான் நிஜமான சிக்கல். பள்ளி முடிந்தபின் வகுப்பு வைத்தால் பள்ளிப் பேருந்து போய்விடும். பேருந்தை நம்பியிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். எனவே பள்ளி நேரத்துக்குள் நேரம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வண்டிக்காரரிடம் முன்கூட்டியே பேசி நேரத்தை மாற்றுங்கள். அடுத்த சிக்கல், ஆண்டு 1 முதல் 6 வரை எல்லாரும் ஒரே அறையில் உட்காருவது. ‘அ’ எழுதும் பிள்ளைக்கும் கதை படிக்கும் பிள்ளைக்கும் ஒரே பாடம் நடத்தினால் இருவருக்கும் சலிக்கும். எழுத்து கற்போர், வாசிப்போர் என்று இரண்டு குழுவாகவாவது பிரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. ஏன் இப்படி?
வாசகர், ஈப்போ

பதில்: மறுபடியும் சட்டத்தின் எண்களுக்கே வருவோம். 1996 கல்விச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி ஒரு பள்ளியில் 5 முஸ்லிம் மாணவர் இருந்தால் இஸ்லாமியக் கல்வி கொடுத்தே ஆக வேண்டும். யாரும் மனுப்போட வேண்டியதில்லை. 51-ஆம் பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் பிற சமயங்களையும் கற்பிக்கலாம் என்கிறது. ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்திலிருந்து ஒரு காசும் அதற்குச் செலவிடக் கூடாது. இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்ற அரசமைப்பு நிலையின் நேரடி விளைவு இது. அதே அரசமைப்பின் 12-ஆம் பிரிவு, தன் சமயம் அல்லாத ஒன்றின் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சமயத்தை முடிவு செய்வது பெற்றோரோ காப்பாளரோ என்றும் சொல்கிறது. பள்ளியில் சிக்கல் வந்தால் நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியது இந்தப் பிரிவுதான்.

நன்னெறிக் கல்வி மீது எங்களுக்கு இருக்கும் குறை வேறு. தொடக்கப்பள்ளியில் 14 நெறிகள் வைத்திருக்கிறார்கள்: இறைநம்பிக்கை, நன்மனம், நன்றியுணர்வு, நீதி, துணிவு, நேர்மை, சகிப்புத்தன்மை என்று போகும். பட்டியலில் பழுதில்லை. முன்பு இடைநிலைப்பள்ளியில் 36 நெறிகளை வரையறையோடு நெட்டுருப் போட்டு, இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் கொட்டிவிட்டு வந்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்களிடம் கேட்டால் மதிப்பெண்தான் நினைவிருக்கும். அதைவிடப் பெரிய கோளாறு அறையில் நடக்கிறது. சேர்ந்து வாழ்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் அந்த ஒரு பாடவேளைக்குத்தான் மணி அடித்ததும் வகுப்பு சமயவாரியாக இரண்டாகப் பிரிந்து போகிறது. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒன்றாக உட்காருகிறார்கள். சகிப்புத்தன்மைக்குத் தனித்தனி அறை.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் போட்டால் மலாயில் பின்தங்குவாளா என்று பயம்.
வாசகி, கிள்ளான்

பதில்: பயத்தில் நியாயம் உண்டு, பரிகாரமும் உண்டு. தேசிய வகைப் பள்ளிக்கு மலாய்ப் பாடநூலே தனி. படிவம் 1 தொடங்கும்போது அந்த இடைவெளி தெரியும். மலாய் போதிய அளவு இல்லாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருக்க வேண்டும். அது அவமானமில்லை, ஆனால் ஓராண்டு ஓராண்டுதான். முடிவில் எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமென்றால் மலாயில் தேர்ச்சி கட்டாயம். 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம். அந்த வரலாற்றையும் மலாயில்தான் எழுத வேண்டும்.

நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் சொல்லில் அல்ல, ஒட்டில். தமிழில் ஒட்டு பின்னால் சேரும். மலாயில் முன்னாலும் சேரும். அஜார் (ajar) என்ற வேரிலிருந்து பெலாஜார் (belajar) என்றால் படி, மெங்ஙாஜார் (mengajar) என்றால் கற்பி, முதல் எழுத்து b-க்குப் பதில் p வந்தால் (pelajar) மாணவர், அதோடு ஆன் சேர்ந்தால் (pelajaran) பாடம். ஆண்டு 3 முதல் தினம் ஒரு வேர்ச்சொல், அதற்கு நான்கு வடிவம், நான்கு வாக்கியம் என்று எழுத வையுங்கள். ஆண்டு 6-இல் கணக்கு, அறிவியல் கலைச்சொற்களுக்குத் தமிழ்–மலாய் அட்டவணை ஒன்றை அவளே தயாரிக்கட்டும்.

கேள்வி: தமிழ்ப்பள்ளிகளில் சில ‘பகுதி உதவி’ என்கிறார்களே?
வாசகர், கோவை

பதில்: ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் அரசுடையவை, நிலம் அரசுடையதல்ல. பழைய தோட்டப் பள்ளிகள் பல இந்த வகை. தோட்டம் கைமாறினால் பள்ளியின் எதிர்காலமும் கேள்விக்குள்ளாகும். தொழிலாளர் குடும்பங்கள் நகரத்துக்குப் போய்விட்டதால் மாணவர் 150-க்குக் கீழே இறங்கி, ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற பட்டியலில் பல சேர்ந்துவிட்டன. மூடாமல் நகர்ப்புறத்துக்கு இடம் மாற்றுவதுதான் அங்கே நடக்கும் போராட்டம்.

கேள்வி: மூன்று வகைப் பள்ளியையும் ஒரே வளாகத்தில் வைத்தால் தீராதா?
வாசகர், சுபாங் ஜெயா

பதில்: உங்கள் ஊரிலேயே இருக்கிறதே! வாவாசான் பள்ளி என்று பெயர். யு.எஸ்.ஜே. 15-இல் டத்தோ ஓன் ஜாபார், துன் தான் செங் லோக், துன் சம்பந்தன் என்று மூன்று இனத் தலைவர்கள் பெயரில் மூன்று தொடக்கப்பள்ளிகள். திடல், மண்டபம், சிற்றுண்டிச்சாலை பொது. தலைமையாசிரியர், வகுப்பறை, பயிற்றுமொழி தனித்தனி. சீனக் கல்வி அமைப்புகள் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தன. ஒன்றாக்கும் முதல் படி இது என்ற சந்தேகம், முன்பு சொன்ன 1961 சட்டத்தின் 21(2) பிரிவின் நிழல். நல்ல யோசனை என்பதே எங்கள் கருத்து. ஆனால் பிள்ளையைச் சேர்க்கும் முன் அலுவலகத்தில் ஒன்று கேளுங்கள்: மூன்று பள்ளிக்கும் இடைவேளை எப்போது? ஒன்றுக்கு 10 மணி, இன்னொன்றுக்கு 10.20 என்றால் ஒரே மேசையில் மூன்று இனமும் சாப்பிடும், ஒருவரையொருவர் பார்க்காமலே.