சுவரில் பூக்கும் பூஞ்சை நெஞ்சுக்குள் வளருமா? – கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. மருத்துவமனை ஆய்வகத்தின் பூஞ்சைப் பிரிவில் வேலை. சளி, ரத்தம், மூச்சுக்குழாய் கழுவிய நீர் எல்லாம் என் மேஜைக்கு வரும். பரிசோதனைகளைப் பற்றியும் நோயைப் பற்றியும் விளக்குவேன். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரின் வேலை.

குளியலறைச் சுவர் முழுக்கக் கருப்பாகப் பூஞ்சை. வீட்டில் இரண்டு குழந்தைகள். நுரையீரலுக்குள் போய் வளர்ந்துவிடுமா?

குழந்தைகள் ஆரோக்கியமாக இருந்தால் வளராது. நுரையீரலில் அதிகம் வம்பு செய்வது அஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை. மட்கிய இலை, உரக்குழி, தூசி என்று எங்கும் இருக்கும். அதன் வித்து 2 முதல் 3 மைக்ரான் அளவுதான். நாம் எல்லோருமே தினமும் நூற்றுக்கணக்கில் மூச்சோடு இழுக்கிறோம். காற்றறை வரை போகும் வித்துகளை அங்குள்ள வெள்ளணுக்கள் விழுங்கிவிடும். தப்பி முளைவிட்டதை நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் முடித்துவிடும். அதனால் காற்றில் பூஞ்சை இருக்கிறதா என்பதைவிட, அது எப்படிப்பட்ட நுரையீரலில் போய் விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அதற்காகச் சுவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆஸ்துமா இருப்பவருக்கு ஈரச்சுவர் இழுப்பைக் கூட்டும். முதலில் நீர்க்கசிவை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எத்தனை முறை தேய்த்தாலும் திரும்ப வரும். அப்புறம் என்95 மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சோடு வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையும் கலக்க வேண்டாம், அந்த வாயு பூஞ்சையைவிட மோசம்.

அப்பாவின் சளிப் பரிசோதனையில் "அஸ்பர்ஜில்லஸ் வளர்ந்துள்ளது" என்று வந்திருக்கிறது. தூக்கமே வரவில்லை.

அந்த வரியை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். சளியைத் தட்டில் பூசி 37 டிகிரியில் வைத்தால், சில நாளில் வெல்வெட் மாதிரி நீலப்பச்சைத் திட்டு எழும். அதில் கொஞ்சம் எடுத்து நீலச் சாயத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நீண்ட காம்பு, உச்சியில் குடுவை போல ஒரு வீக்கம், அதிலிருந்து சரம் சரமாக வித்துகள். பார்க்க அழகுதான். ஆனால் அது திசுவுக்குள் வேர்விட்ட பூஞ்சையா, மூச்சுக்குழாயில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்ததா என்று அந்தத் தட்டு சொல்லாது. அறிகுறி, சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். அப்பாவுக்குப் பழைய நுரையீரல் நோய் ஏதாவது உண்டா, ஸ்டீராய்டு சாப்பிடுகிறாரா என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மாமாவுக்குப் பல வருடங்களுக்கு முன் டிபி வந்து குணமானது. இப்போது மாதக்கணக்கில் இருமல், எடை குறைகிறது, சளியில் ரத்தக்கீற்று. டிபி பரிசோதனை நெகட்டிவ். ஆனாலும் மறுபடி டிபி மருந்து கொடுக்கலாம் என்கிறார்கள்.

நான் அடிக்கடி பார்க்கும், அடிக்கடி கோட்டைவிடப்படும் கதை இது. டிபி ஆறினாலும் நுரையீரலில் குழி நின்றுவிடும். அந்தக் குழிக்குள் விழுந்த வித்து நிம்மதியாக வளரும். சிலருக்குப் பூஞ்சை இழைகளும் சளியும் செத்த அணுக்களும் திரண்டு பூஞ்சைப் பந்தாகிவிடும். நோயாளி புரண்டு படுத்தால் ஸ்கேனில் பந்தும் குழிக்குள் உருளும். வேறு சிலருக்குப் பந்து இல்லாமலே குழியின் சுவர் தடித்து, குழி பெருத்துக்கொண்டே போகும். இருமல், எடை குறைவு, அசதி எல்லாம் டிபி போலவே இருப்பதால்தான் குழப்பம்.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: அஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை (அந்தப் பூஞ்சைக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதத்தை அளப்பது), நெஞ்சு சி.டி. ஸ்கேன். உறுதியானால் இட்ரகோனசோல் அல்லது வொரிகோனசோல் மாத்திரை, குறைந்தது 6 மாதம். ஒரு பந்து மட்டும் தனியாக இருந்து, நுரையீரலுக்குத் தாங்கும் சக்தியும் இருந்தால் அறுவை சிகிச்சை.

இன்னொன்று முக்கியம். டிபி மருந்தான ரிஃபாம்பிசின், இந்தப் பூஞ்சை மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் அடியோடு குறைத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பூஞ்சை மருந்து பேருக்குத்தான் உள்ளே போகும்.

ரத்தம் கீற்றாக இல்லாமல் வாய் நிறைய வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுமா?

ஒட்டாது. தனித்தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இன்ஹேலர் சரியாக எடுத்தும் அடங்கவில்லை. சில நாள் பழுப்பு நிறத்தில் கெட்டியாகத் துண்டு துண்டாகச் சளி வருகிறது.

அந்தப் பழுப்புத் துண்டை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பூஞ்சை திசுவுக்குள் நுழையாமல், மூச்சுக்குழாயில் இருந்தபடியே கடும் ஒவ்வாமையைக் கிளப்பும் நோய் ஒன்று உண்டு, சுருக்கமாக ஏபிபிஏ என்பார்கள். ஐஜிஇ என்பது ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புப் புரதம். அஸ்பர்ஜில்லஸுக்கான ஐஜிஇ, மொத்த ஐஜிஇ என்று இரண்டு ரத்தப் பரிசோதனை. மொத்த ஐஜிஇக்கு முன்பு 1000 என்று இருந்த எல்லையை 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் 500 ஆக்கிவிட்டது. பழைய ரிப்போர்ட்டில் "ஆயிரத்தைத் தாண்டவில்லை" என்று விட்டிருந்தால் மறுபடி காட்டுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை அல்லது இட்ரகோனசோல், சுமார் 4 மாதம் கொடுப்பார்கள். கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோகும். அது திரும்பாது.

கோவிட் சமயத்தில் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சையும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது மியூக்கார் வகை, மருந்தும் வேறு. வொரிகோனசோல் அதன்மேல் வேலை செய்யாது. உங்கள் சுவரில் கருப்பாக இருப்பதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.

அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. செடி வளர்ப்பது அவருக்கு உயிர். தடுக்க மனமில்லை.

இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. கீமோவில் நியூட்ரோபில் சரிந்திருக்கும் நாட்களில் முளைவிடும் வித்தைக் கொல்ல ஆளில்லை. அது ரத்தக்குழாயைத் துளைத்துப் பரவும், உயிருக்கே ஆபத்து. உரம் கிளறுவது, மண் மாற்றுவது, பழைய சுவர் இடிக்கும் இடத்துக்குப் போவது எதுவும் வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து அம்மா சொல்லட்டும், செடி வேலையை நீங்கள் பாருங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்காவிட்டால் சி.டி. ஸ்கேனும், பூஞ்சையின் செல்சுவரிலிருந்து வரும் சர்க்கரைப் பொருளைத் தேடும் காலக்டோமேனன் பரிசோதனையும் சீக்கிரம் எடுப்பார்கள். வேண்டாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆவி பிடித்தால் பூஞ்சை போகுமா?

போகாது. 37 டிகிரியைத் தாண்டியும் வளரும் பூஞ்சை இது.

இட்ரகோனசோல் ஆரம்பித்திருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

சாதாரண கேப்சூல் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டவுடன், திரவமாகக் கொடுத்திருந்தால் வெறும் வயிற்றில். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் கேப்சூல் சரியாக உடலில் சேராது. கால் வீக்கம், மூச்சு வாங்குதல், கண் மஞ்சளாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். இதய பலவீனம் இருப்பவருக்கு இது ஆகாது. ஃப்ளூட்டிகசோன், புடசொனைட் இன்ஹேலர் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அந்த ஸ்டீராய்டு உடலில் தேங்கி முகம் உப்பும். இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாமல் மாற்று கேளுங்கள்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் பலனில்லை என்றால், ரத்தத்தில் மருந்தின் அளவையும், பூஞ்சை அந்த மருந்துக்கு அடங்குகிறதா என்பதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பயிர்களுக்குத் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லிகளில் பல இதே மருந்துக் குடும்பம். அதனால் மாத்திரையே பார்க்காதவரின் நுரையீரலுக்குக்கூட மருந்துக்கு அடங்காத வித்து வந்து சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் அஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸை மிக ஆபத்தான பிரிவில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.