நீலகிரியில் நீரிழிவுத் தடுப்புத் திட்டம்: முன்னேற்றத் தரவை எப்படி எடுப்பது?

கேள்வி: நீலகிரி எஸ்டேட் பகுதியில் அரசு நிதியில் நீரிழிவுத் தடுப்பு வகுப்புகள் நடத்தப் போகிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். எதை, எப்படிப் பதிவு செய்வது?

பதில்: முதலில் ரெஜிஸ்டரை மாற்றுங்கள். "இந்த மாதம் 340 பேருக்குச் சுகர் பார்த்தோம்" என்பது வேலைக் கணக்கு. யாருக்கு என்ன மாறியது என்று அதிலிருந்து எடுக்கவே முடியாது. ஒரு ஆள், ஒரு வகுப்பு, ஒரு வரி: பதிவு எண், தேதி, எடை, அந்த வாரம் உடம்பை அசைத்த நிமிடங்கள். அமெரிக்காவில் சிடிசி (நோய்க் கட்டுப்பாட்டு மையம்) தன் தடுப்புத் திட்டத்துக்கு ஏறக்குறைய இப்படித்தான் தரவு கேட்கிறது. இடுப்புச் சுற்றளவும் சுகரும் தொடக்கத்தில், 6, 12-ஆம் மாதங்களில் எடுத்தால் போதும்.

யாரைச் சேர்ப்பது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். சிபாக் படிவத்தில் (அரசு சுகாதாரப் பணியாளர்கள் தொற்றா நோய் அபாயத்தை மதிப்பிடும் கேள்வித்தாள்) 4-க்கு மேல், அல்லது இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் 60-ம் அதற்கு மேலும் என்று ஏதாவது ஒன்று. நீரிழிவுக்கு முந்தைய நிலைக்கு வெறும் வயிற்றுச் சுகரில் அமெரிக்க வரம்பு 100–125, உலக சுகாதார நிறுவன வரம்பு 110–125. நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் அந்த வருடத் தரவு வீண்.

ஆளை அடையாளம் காண பெயரையும் செல்போன் எண்ணையும் நம்பாதீர்கள். ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்) அதே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். வீட்டுக்கே ஒரு போன்தான். துணை சுகாதார நிலையக் குறியீட்டோடு வரிசை எண் கொடுத்து, அட்டையில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள்.

எடைதான் அதிகம் சொதப்பும் இடம். 62 கிலோ உள்ளவருக்கு 5% குறைவு என்பது 3.1 கிலோ. ஜனவரியில் ஸ்வெட்டர், ஜெர்கின், ரப்பர் பூட்ஸோடு நிறுத்தி, மே மாதம் வெறும் புடவையோடு நிறுத்தினால் அதில் பாதிக்கு மேல் துணியிலேயே "குறைந்துவிடும்". லைன் வீட்டு வாசலில் தரை சரிவு. மெஷினுக்கு அடியில் கெட்டியான பலகை போட்டு ரசமட்டம் பாருங்கள். ஒரு குழுவுக்குக் கடைசி வரை ஒரே மெஷின். தினமும் 10 கிலோ எடைக்கல் வைத்துப் பார்த்த பிறகே ஆள் ஏறட்டும்.

எடையை மட்டும் வைத்தும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், மூன்று வருடத்தில் நீரிழிவு வந்தவர்கள் ஆலோசனை மட்டும் பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் 55%, வாழ்க்கைமுறை மாற்றக் குழுவில் 39.3%. எடை பெரிதாகக் குறையாமலேயே கிடைத்த பலன் அது.

அடுத்தது சுகர். "சாப்பிட்டீங்களாம்மா?" என்றால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். விடியற்காலையில் குடித்த சர்க்கரை போட்ட தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் சேராதே! "டீ, காப்பி, வெல்லம் ஏதாவது வாயில் பட்டுச்சா, எத்தனை மணிக்கு?" என்று கேட்டு அந்த நேரத்தை எழுதுங்கள். 8 மணி நேரம் ஆகவில்லை என்றால் அந்த எண் ரேண்டம் (நேரம் பார்க்காமல் எடுத்த சுகர்) கட்டத்துக்குப் போகட்டும். முதல் தடவை டீக்குப் பிறகும் ஆறாம் மாதம் உண்மையான வெறும் வயிற்றிலும் எடுத்தால், இல்லாத முன்னேற்றம் தெரியும்.

பல குளுக்கோமீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே எர்ரர் காட்டும். ஊட்டிக் குளிர்காலக் காலைக்கு இது சாதாரணம். மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் அறைக்குள் 20 நிமிடம் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். விறைத்த விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மூடுபனி நாளில் ஸ்ட்ரிப் டப்பா திறந்தே கிடக்கக் கூடாது.

கூடலூர், பந்தலூர் பக்கம் எச்பிஏ1சி-யை (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முன்னேற்ற அளவுகோலாக வைக்க வேண்டாம். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு 1952-இல் முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அரிவாள் செல் நோய் இருந்தால் சிவப்பணு சீக்கிரம் அழிந்து அளவு பொய்யாகக் குறையும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் பொய்யாகக் கூடும். இங்கே வெறும் வயிற்று அளவும் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேர அளவும்தான் சரி.

"உடற்பயிற்சி செய்வீங்களா?" என்ற கேள்வி கொழுந்து பறிப்பவரிடம் அபத்தம். கூடையோடு மேடேறுகிற நேரத்தைத் தனியாகக் கேளுங்கள்.

வரும் எண்களைச் சோதிக்க வழி இருக்கிறது. 50-க்கு 5 பதிவுகளை மீட்டர் மெமரியோடு ஒப்பிடுங்கள் (பேட்டரி மாற்றினால் சில மீட்டர்களில் கடிகாரம் அழியும், உடனே சரிசெய்யவும்). இடுப்பளவெல்லாம் 80, 85, 90 என்றே முடிந்தால் டேப் எடுக்கவே இல்லை என்று அர்த்தம். டவர் இல்லாத சுற்றுகளில் தாளில் எழுதி அன்று மாலையே ஏற்றுங்கள். கம்ப்யூட்டர் செட்டிங்கைப் பொறுத்து எக்செல் 05/08-ஐ (ஆகஸ்ட் 5) மே 8 ஆக்கிவிடலாம். மாதத்தை எழுத்தில் போடுங்கள்.

வராதவரை ரெஜிஸ்டரிலிருந்து அடிக்காதீர்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், எஸ்டேட் மாறியவர், விருப்பமில்லாதவர், இறந்தவர், கர்ப்பமானவர் என்று தனித்தனிக் குறியீடு வையுங்கள். 100 பேர் சேர்ந்து 40 பேர் கடைசி வரை வந்து, அதில் 20 பேருக்குப் பலன் என்றால், அறிக்கையில் "50%" என்று மட்டும் எழுதக் கூடாது. 100-க்கு 20 என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.