வெப்பமானி காட்டுவது எதன் வெப்பநிலையை? – கேள்வி பதில்

கேள்விகள் யாழ்ப்பாணத்தின் பல வீடுகளிலிருந்து வந்திருந்தாலும் முக்கால்வாசிக்கும் வேர் ஒன்றுதான். வெப்பமானி தன் முனையின் வெப்பநிலையை மட்டுமே காட்டும். அந்த முனையை, நாங்கள் அறிய விரும்பும் பொருளின் வெப்பநிலைக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை.

சுன்னாகம்: தயிருக்குப் பால் காய்ச்ச, குத்திப் பாக்கிற டிஜிற்றல் தேர்மோமீற்றர் ஒண்டு வாங்கினனான். சரியாக் காட்டுதோ எண்டு வீட்டிலயே பாக்கலாமோ?

பார்க்கலாம். உருகும் ஐஸ் 0 பாகை. இதைவிட நம்பகமான அளவுகோல் குசினியில் இல்லை. ஐஸை நன்றாக நொறுக்கி ஒரு பிளாஸ்க்கை வாய்வரை நிரப்புங்கள். இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். ஐஸ் மிதந்து அடியில் வெறும் தண்ணீர் நின்றால் அந்த அடித்தண்ணீர் 3, 4 பாகையில் இருக்கக்கூடும், அதனால் தண்ணீர் கூடக்கூடாது. முனையை 5 சென்ரிமீற்றராவது உள்ளே விட்டு, சுவரிலும் அடியிலும் படாமல் மெல்லக் கலக்கி, 3 நிமிடம் பொறுத்து வாசியுங்கள். 0.5 காட்டினால் ‘அரைப் பாகை கூடுதலாகக் காட்டுகிறது’ என்று ஒரு துண்டில் எழுதிக் கருவியில் ஒட்டிவிடுங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு கவனம். ஒரு லீற்றர் தண்ணீரில் 1 கிராம் கறியுப்பு கரைந்திருந்தால் உறைநிலை ஏறக்குறைய 0.06 பாகை இறங்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் செய்த ஐஸும், மீன் சந்தையில் உப்புப் பட்ட ஐஸும் இதற்குச் சரிவராது. போத்தல் தண்ணீரில் ஐஸ் போடுங்கள்.

கொதிநிலையையும் பார்க்கலாம், ஆனால் அது காற்றமுக்கத்தோடு மாறும். யாழ்ப்பாணம் கடல் மட்டத்தை ஒட்டியிருப்பதால் 100ஐ ஒட்டியே வரும். உயரமான மலையிலுள்ள நுவரெலியாவில் 94க்குக் கிட்டவே கொதித்துவிடும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை மட்டும் ஐஸிலோ கொதிதண்ணீரிலோ வைக்கவேண்டாம். அதன் எல்லை பெரும்பாலும் 32 முதல் 42 வரைதான்.

நெல்லியடி: பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது. நெத்திக்கு நீட்டிற கருவி 36.2 எண்டுது, கமக்கட்டில வைச்சா 38.3. எதை நம்புறது?

கமக்கட்டை நம்புங்கள். நெற்றிக் கருவி தோலிலிருந்து வரும் செங்கீழ்க் கதிரை அளக்கிறது. வியர்வை, மின்விசிறிக் காற்று, நனைத்த துணி போட்ட நெற்றி எல்லாமே தோலைக் குளிர்த்திவிடும். வியர்வையைத் துடைத்து, காற்றில்லாத இடத்தில் 10 நிமிடம் இருத்தி, கருவியின் கையேடு சொல்லும் தூரத்தில் (பல கருவிகளுக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர்) பிடியுங்கள். கருவி ‘உடல்’ அளவீட்டில் இல்லாமல் ‘பொருள்’ அளவீட்டில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். அதில் கிடந்தால் வெறும் தோலின் சூட்டையே காட்டும்.

கமக்கட்டிலும் பிழை வரும். ஈரத்தைத் துடைத்து, முனையைக் குழியின் நடுவில் வைத்து, கையை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேணும். சட்டை இடையில் சிக்கினால் குறைத்துக் காட்டும். பல டிஜிற்றல் கருவிகள் சத்தமிட்ட பிறகும் இலக்கம் ஏறும். அது நிற்கும்வரை வைத்திருங்கள்.

38 பாகை, அதாவது 100.4 பரனைற், காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த அளவு வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள். டெங்குக் காலத்தில் இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான், 3ஆம் நாள் தொடக்கம் 7ஆம் நாளுக்குள், தொடங்கும். வெப்பமானி 37 காட்டுகிறது, ஆனால் பிள்ளை விடாமல் சத்தி எடுக்கிறது, வயிறு நோகிறது என்கிறது, கைகால் குளிர்ந்திருக்கிறது, சலம் குறைந்துவிட்டது என்றால் இலக்கத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நல்லூர்: கொதிக்கிற எவர்சில்வர் பானைக்கு லேசர் துவக்கைப் பிடிச்சா 45 எண்டு காட்டுது. பழுதோ?

பழுதில்லை. இந்தத் துவக்கும் நெற்றிக் கருவிபோலச் செங்கீழ்க் கதிரையே அளக்கிறது. பளபளப்பான உலோகம் தன் கதிரைக் கொஞ்சமாகவே வெளிவிடும். சுவரிலிருந்தும் உங்களிடமிருந்தும் வரும் கதிரைக் கண்ணாடிபோலத் திருப்பிவிடும். கருவி அதையும் சேர்த்து வாசிக்கிறது. விறகடுப்பில் கரி பிடித்த பானையின் பக்கம் பிடித்துப் பாருங்கள், உண்மைக்குக் கிட்ட வரும். சிவப்புப் புள்ளி குறி காட்டுவதற்கு மட்டும். கருவியில் 12:1 என்று எழுதியிருந்தால் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் அது பார்ப்பது 5 சென்ரிமீற்றர் அகலமான வட்டத்தை.

குருநகர்: ஐஸ் பெட்டியில மீன் சரியாக் குளிர்ந்திருக்கோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

லேசர் துவக்கை மேலே பிடித்துப் பார்ப்பது வீண். அது மேற்பரப்பை மட்டும் காட்டும். பெட்டியின் நடுவிலுள்ள பெரிய மீனை எடுத்து, தடித்த முதுகுச் சதையில் முள்ளை ஒட்டி முனையைக் குத்துங்கள். 0க்கும் 2க்கும் இடையில் நின்றால் நல்லது. சூரை, கும்பிளா போன்றவை 4 பாகைக்கு மேலான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் ஹிஸ்ரமின் என்ற நச்சுப்பொருள் சேரும். பிறகு எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது.

கோப்பாய்: அடைப் பெட்டியில 37.5 வைச்சும் குஞ்சு பிந்துது.

உங்கள் பெட்டியில் விசிறி உண்டா? 37.5 என்பது காற்றைச் சுழற்றும் பெட்டிக்கான கணக்கு. விசிறி இல்லாவிட்டால் சூடான காற்று மேலே தங்கிவிடும். முட்டையின் மேல்முனை மட்டத்தில் அளந்து 38.5 அளவில் வையுங்கள். முனையை மூடியோடு தொங்கவிட்டு அங்கே 37.5 வைத்தால் முட்டை அதைவிடக் குறைந்த சூட்டில் கிடக்கும். குஞ்சு பிந்துவதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

மானிப்பாய்: பழைய இரசத் தேர்மோமீற்றர் அறைக்குள்ள விழுந்து உடைஞ்சு போச்சு.

பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். விளக்குமாறு வேண்டாம், அது உருண்டைகளைச் சிதறடிக்கும். மோதிரம், காப்பைக் கழற்றிக் கையுறை போடுங்கள். இரசம் பொன்னோடு கலந்துவிடும். ரோச் லைற்றைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் உருண்டைகள் மின்னும். தடித்த மட்டையால் ஒன்றுசேர்த்து, சிறியவற்றை ஒட்டும் ரேப்பால் எடுத்து, மூடியுள்ள போத்தலில் அடையுங்கள். குப்பையிலோ கிணற்றடியிலோ மலசலகூடத்திலோ கொட்டக் கூடாது. அதை எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.